லாஞ்சியின் மேல் ஒரு மனத்தாங்கல்

முறிந்துபோன லாஞ்சிக் கொம்பனி மறுபடியும் ஓடப் போகிறது என்று மீன் விற்க வந்த பெண்தான் முதலில் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"முதலாளி கற்பிட்டிக்கே வந்திட்டார், ரீச்சர். லாஞ்சி புதுப் பெயிண்ட் அடிச்சு மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

என் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அவன் திரும்பி வரவேண்டும் என்றுதான் செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டு வந்தேன். நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை.

முன்பு அந்த இயந்திரப் படகு சனத்தை ஏற்றிக்கொண்டு கற்பிட்டியிலிருந்து களப்பை, அந்த உப்பங்கழியை, கடந்து புத்தளத்துக்குப் போய் வந்தது. என் மகளுக்குக் காய்ச்சல் ஏறிக் கழுத்து விறைத்துப்போன காலையில், புத்தளம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக அவளைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார். பாய்வள்ளம் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதில் கால் வைக்கப் போனவளை முதலாளி மறித்தான்.

"பிள்ளையை வெயில்ல வச்சிருக்காதையுங்கோ, ரீச்சர். லாஞ்சியில ஏறுங்கோ. இந்தா வெளிக்கிடுறம்."

ஏறினேன். வள்ளம் போய்விட்டது. லாஞ்சி அசையவில்லை. கேட்டபோதெல்லாம் "இந்தா, இந்தா" என்றான். கடைசியில் இயந்திரம் ஓட்டுபவர்தான் பொறுக்கமாட்டாமல் உண்மையைச் சொன்னார். எண்ணெய் இல்லை. கொம்பனி முறிந்துவிட்டது. ஊருக்கு அது தெரியக்கூடாது என்பதற்காக, ஓடுகிற லாஞ்சி போலக் காட்ட எங்களை ஏற்றி உட்கார வைத்திருந்தான். அதற்குள் கச்சான் காற்று பலமாக எழும்பி, எந்த வள்ளக்காரரும் களப்பில் இறங்க மறுத்துவிட்டார்கள். மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம்.

"நேற்றே கொண்டுவந்திருக்க வேணும்" என்றார் டாக்டர்.

பிள்ளை பிழைத்தாள். காது இரண்டும் போய்விட்டன. கோயில் மணி அடிக்கும்போது முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடும். அவள் மட்டும் குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கிணற்றடிக்குப் போனாலும் நான் பின்னால் போவேன். இன்றும் போகிறேன். யாராவது "இந்தா வாறன்" என்று சொன்னால், அவர் வந்து சேரும்வரை இப்போதும் வாசலிலேயே நிற்பேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகவோ பழுதுபார்த்தோ இறக்கும் படகைப் பங்குச் சுவாமி செபம் சொல்லி மந்திரிப்பதற்கு முன் கோயில் மூப்பர் அதன் முன்புறத்து அணியத்தில் கை வைத்து, கூடியிருப்பவர்களைப் பார்த்து மூன்று தரம் கேட்பார்: "இதின்ர மேல ஆருக்கும் மனத்தாங்கல் இருக்கோ?" இருந்தால், அந்த மனம் ஆறும்வரை எங்கள் ஆட்கள் அதில் கால் வைக்கமாட்டார்கள். யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. சிலாபம் பக்கத்துக்காரனான முதலாளிக்கு இது வெறும் சடங்காகத் தெரிந்திருக்கிறது. இழந்த பெயரை மீட்க எங்கள் வழக்கப்படியே எல்லாம் நடக்கட்டும் என்று அவனே மூப்பரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

லாஞ்சியை மந்திரிக்கும் நாளன்று கரை நிறையச் சனம். முதலாளி வெள்ளைக் கோட்டுப் போட்டுச் சிரித்தபடி நின்றான்.

"முதலாளி, இந்த முறை எண்ணெய் இருக்கோ? இல்லாட்டி நாங்கள் தேங்காயெண்ணெய் கொண்டு வரட்டோ?" என்று ஒரு கிழவி கேட்க, கரை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான்.

மூப்பர் ஒரு தரம் கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். "விடப்பா, பிள்ளை தப்பினதே போதும்" என்று கணவர் என் காதருகே சொன்னார். மூன்றாம் தரம் கேட்கும்வரை பொறுத்திருந்தேன். அவன் நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஓம், இருக்கு" என்றேன்.

மூப்பர் அணியத்திலிருந்து கையை எடுத்தார். "தங்கச்சி, யோசிச்சுத்தான் சொல்லுறியோ?"

"யோசிக்க எனக்குக் காலம் கிடைச்சது, அண்ணை. இவரின்ர லாஞ்சிக்குள்ள ஒரு பகல் முழுக்க இருந்தெல்லோ யோசிச்சனான்."

சுவாமி புத்தகத்தை மூடினார். சனம் கலைந்தது.

மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ரொட்டிக் கடையில் வாங்கிய பாண் பார்சல். கதிரையில் உட்காரச் சொல்லவில்லை.

"ரீச்சர், நான் என்ன செய்யோணும்? சொல்லுங்கோ. சனம் ஏறாட்டி நான் துலைஞ்சன்."

"என்னட்டக் கேட்டு என்ன பலன்? காது போனது அவளுக்கு. அவளிட்டக் கேளுங்கோ. அவள் ஓமெண்டால் நானே முதல் ஆளா ஏறுறன்."

அவன் அவள் முன்னால் குனிந்தான். "மகள், மாமாவை மன்னிச்சுக்கொள்ளம்மா."

அவள் தையலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'என்ன?' என்று விரலை விரித்தாள். எங்கள் இருவருக்கும் ஒரு கைப்பாசை உண்டு. லாஞ்சிக்கும் காய்ச்சலுக்கும் மன்னிப்புக்கும் அதில் இடம் இருந்தது. நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவன் அதைக் கண்டான்.

"கேக்கேல்லப் போல" என்றேன். "பலத்துச் சொல்லுங்கோ."

பலத்துச் சொன்னான். இன்னும் பலத்து என்றேன். வேலிக்கு வெளியே அயலவர்கள் கூடினார்கள். "மன்னிச்சுக்கொள்ளு! மன்னிச்சுக்கொள்ளு!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். குரல் உடைந்து கண்ணில் நீர் வந்தது.

மகள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து பார்சலைப் பிரித்து, பாணைப் பிய்த்துப் பீங்கானில் வைத்து அவனிடம் நீட்டினாள். அவனுக்குப் பசி என்று நினைத்திருக்கிறாள்.

அவன் பீங்கானை வாங்கவில்லை. வெள்ளைக் கோட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

லாஞ்சியை யாரும் மந்திரிக்கவில்லை, யாரும் ஏறவுமில்லை. புதுப் பெயிண்ட் வெயிலில் கொப்பளித்து உரிகிறது. பூசைக்குப் போகும் வழியில் அதைக் கடக்கும்போதெல்லாம் மகள் என் சேலையை இழுத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி விரலை விரிக்கிறாள். அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்கிறாள்.

இப்போது என் கைகள் தயங்குவதில்லை. இன்னும் இல்லை என்று காட்டுகிறேன்.