வீடு மாறியபோது வந்த இரண்டு தலைமையாசிரியர்கள்

இன்று செமோரிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு வீடு மாறினோம். எங்கள் இரட்டைப் பெண்கள் அடுத்த ஆண்டு பள்ளியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். பள்ளிதான் முடிவாகவில்லை.

லாரியிலிருந்து ஐஸ்பெட்டியை இறக்கும்போது ஒருவர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியராம்.

"ரெண்டு பிள்ளைங்களாம்மா? நம்ம பள்ளியில மொத்தமே பதினோரு பேருதான் லா. உங்க பிள்ளைங்க சேந்தா பதிமூணு. தங்கமா பாத்துக்குவோம்."

கட்டிலைத் தூக்க இன்னொருவர் வந்தார். அவர் அதற்கு அடுத்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர்.

"எங்க கேண்டீன் நாசி லெமாக் சாப்பிட்டுப் பாருங்க அக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டில் இன்னும் வேகமாக மாடி ஏறியது.

கணவர் என்னைத் தனியே அழைத்தார்.

"எந்தப் பள்ளின்னு இப்பவே சொல்லிராத. அலமாரி இன்னும் லாரியிலதான் இருக்கு."

சிம்பாங் பூலாய் நண்பர்களே, இந்தப் பக்கம் மூன்றாவது தமிழ்ப்பள்ளி ஏதும் இருக்கிறதா? அலமாரி கொஞ்சம் கனம்.