விழுந்த பலாவைத் தட்டிய கை

மரத்தைக் கண்டால் பழனிவேலுக்குக் கை சும்மா இருக்காது. சிதம்பரத்தில் பலாமரம் வாங்கி மிருதங்கக் கட்டை கடைகிறவர். அதற்கு முன் கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் டப்பா எண்ணிக்கொண்டிருந்தார். 2006இல் அதை உதறிவிட்டுப் பட்டறை போட்டார். உளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டால் சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் காது கேட்காது. மனுஷனுக்கு வேலையில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷமே ஒருநாள் அவர் மானத்தை வாங்கிவிட்டது.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்த மூன்றாம் நாள், பண்ருட்டிப் பக்கம் இருக்கும் தங்கை ரத்தினம்மாளைப் பார்க்கப் போனார். பஸ் பாதிவரைதான் போனது, மிச்சம் நடை. வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. தங்கை தோட்டத்துப் பெரிய பலாவும் சாய்ந்திருந்தது. அவள் மாமனார் நட்டது. அதன் பழத்தில்தான் மகள் காயத்ரியின் நர்சிங் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. தங்கை புருஷன் சுப்புராயன் வேர்ப்பக்கம் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுதல் சொல்லத்தான் பழனிவேல் கிட்டே போனார். கிளை முறிந்த இடத்தில், முற்றி இறுகிய நடுமரமான மஞ்சள் வைரம் தெரிந்தது. தடவினார். விரலை மடக்கித் தட்டினார்.

"யப்பா, என்னா வைரம். இப்பிடி ஒரு மரம் எங் கைக்கு வந்ததே இல்ல மச்சான்."

முகமெல்லாம் சிரிப்பு. நிமிர்ந்தால், தண்ணீர்ச் சொம்போடு ரத்தினம்மாள் நிற்கிறாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பழனிவேலுக்கு உடம்பே கூசிப்போயிற்று. சாவு வீட்டுக்குப் போய்ப் பந்தி எப்போது என்று கேட்டவன் மாதிரி ஆகிவிட்டோமே என்று, அந்தத் தண்ணீரைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. மேலே அதே அடிமரம்.

"செங்கச் சூளைக்குப் போய் எரியறதுக்குப் பதிலா அண்ணங்கிட்டயே இருக்கட்டும்னு அக்கா அனுப்புனாங்க" என்றார் டிரைவர்.

திருப்பி அனுப்பத்தான் நினைத்தார். மனசு வரவில்லை. அதற்கும் வெட்கப்பட்டார்.

ஆறு மாதம் காயவைத்துக் கடைந்தார். வாழ்நாளில் அப்படி ஒரு கட்டை அமைந்ததில்லை. அதைக் கேள்விப்பட்டு ரத்தினம்மாள் வந்து நின்றாள். உள்ளே பொங்கிய பூரிப்பு அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பழனிவேல் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சுமாராத்தான் வந்திருக்கு" என்றார்.

அவள் கட்டையைத் தடவிப் பார்த்தாள். முந்தானையால் தூசி துடைத்தாள்.

"பொய் சொல்லாதண்ணே. மரம் உழுந்து கெடந்தப்ப சிரிச்ச. இப்ப ஏன் மூஞ்சிய உம்முனு வச்சிருக்க? சிரி, அதப் பாக்கத்தான் வந்தேன்."

பழனிவேல் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டதே தவிர, சிரிப்பு வரவில்லை.