டைல்ஸ்காரரின் முழங்கால்

டைல்ஸ் பெட்டியோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்ததில் டைல்ஸ்காரருக்கு முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. முதலில் தகடு வைத்தார்கள். புண் சீழ் பிடித்ததால் மறுபடி திறந்து கழுவினார்கள். இரண்டு முறையும் உயிரோடு வீடு சேர்த்த கடவுளுக்கு நன்றி சொன்ன மனுஷன், அதற்கப்புறம் செய்த காரியம்தான் வினையாகிப் போனது.

புதிதாகப் பதித்த தரையை, வீட்டுக்குச் சொந்தக்காரரே வந்தாலும், காயும்வரை மிதிக்க விடமாட்டார் அவர். அதே கணக்கைத் தன் காலுக்கும் போட்டார். மடக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் தலைதலையாய் அடித்துக்கொண்டதைக் காதில் வாங்கவில்லை. "ஆடாம அசையாம இருந்தாத்தான் செட் ஆகும்" என்று காலை நீட்டியே கிடந்தார். மனைவியும் யாரையும் கிட்டே விடவில்லை. கால் செட் ஆகித்தான் போயிற்று. உலக்கை மாதிரி நின்றது.

குத்துக்காலிட்டு உட்கார முடியாதவருக்குத் தரை வேலை ஏது? மைத்துனன்தான் வேலையைப் பார்த்துக்கொண்டான். "இனிமே நீங்க சுவருக்கு மட்டும் ஒட்டுங்க மாமா, நின்னுக்கிட்டே" என்று ஒருநாள் கேலி பேசினான். அவர் சிரிக்கவில்லை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அங்கே டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தொடைத் தசை எலும்போடு ஒட்டியிருக்கிறது, பிரித்துவிடலாம். ஆனால் மறுநாளிலிருந்தே மடக்க வேண்டும், வலிக்குப் பயந்து நிறுத்தினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். "அப்புறம் நான் கத்தியத் தொட மாட்டேன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயிற்சி கொடுப்பவர் இருந்தவரை கால் மடங்கியது. வீட்டுக்கு வந்ததும் அந்த வேலை மனைவி தலையில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்தால் போதும், அவள் விட்டுவிடுவாள். அடுத்த முறை போனபோது, கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "திரும்ப இறுகுது. இந்த வாரத்த விட்டா விட்டதுதான்."

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டில் அவள் வலி மாத்திரையைக் கொடுத்து, அது கேட்கும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மனசுக்குள் கடவுளை வேண்டிக்கொண்டே, சொல்லிக்கொடுத்தபடி மெல்ல மெல்லப் பின்னால் தள்ளினாள்.

"விடு" என்றார். அவள் விடவில்லை.

"தையல் பிரிஞ்சிடும், விடுடி."

"பிரியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க கத்துங்க. எனக்கு இன்னிக்குக் காது கேக்கல."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவளைப் பெற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்ததே தவிர, பிடி தளரவில்லை. தொடைக்குள் ஏதோ இழுபட்டு, இழுபட்டு, நெகிழ்ந்து கொடுத்தது. குதிகால் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது.

"இப்ப விடட்டுமா?" என்று கேட்டாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வை மடியில் சொட்டியது. குனிந்து, தன் காலைத் தானே நம்பாதவர்போல் பார்த்தார்.

"இரு. அப்படியே பிடி. இன்னும் கொஞ்சம் போகும்போல இருக்கு."