வின்சென்ற் அத்தானின் உலகச் சம்பியன்

என் அத்தான் வின்சென்றைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஞானமலர் அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக முப்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டிருக்கிறேன்.

ஆள் மன்னார். எண்பத்தேழில் நோர்வே வந்தவர். வடக்கே மீன் தொழிற்சாலையில் நாலு குளிர்காலம் நின்றுவிட்டு, ஒஸ்லோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் பஸ் கராஜில் கரியோடும் கிரீஸோடும் கிடக்கிறவன்தான். ஆனால் மனிசன் வாயைத் திறந்தால் வம்சம்! பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்ட முதலே, பக்கத்தில் இருப்பவனின் அப்பப்பா என்ன தொழில் செய்தார் என்பது வரை கேட்டு முடித்துவிடுவார். கேட்கிறவிதமும் அப்படி. ஏதோ சுகம் விசாரிப்பதுபோல இருக்கும்.

தொண்ணூற்றாறில் பேர்கனுக்கு அப்பால் ஒரு கொட்டகையில் கிடந்த ஃபியட் 131 ஒன்றை வாங்கி இழுத்து வந்தார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், நாலு சில்லுக்கு மேலும் அகன்ற மட்காட். அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. ஞானஸ்நான வீடு, கலியாண வீடு, ஏன், செத்த வீட்டில்கூட அந்தக் காரின் சரித்திரத்தைக் கேட்டிருக்கிறேன்.

"எழுபத்துநாலிலை இத்தாலியிலை, தூரினிலை பிறந்தது. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோற குடும்பக் கார். அதைத்தான் எடுத்து ராலிப் பந்தயத்திலை விட்டவங்கள். எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எண்பது. மூண்டு தரம் உலகச் சம்பியன்! பந்தயச் சட்டத்துக்காக நானூறு காரை வேறையாச் செய்து வித்தவங்கள். அந்த நானூறிலை ஒண்டுதான் என்ரை கார்."

அதை யாரும் தொடக் கூடாது. அக்காவைக்கூட முன் இருக்கையில் ஏற்றமாட்டார். சேலை ஊசி குத்தி இருக்கை கிழிந்துவிடுமாம். அக்கா பாவம், பின்னால் குந்திக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போய்வருவாள்.

அந்தக் கார் நானூறில் ஒன்று இல்லை என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். ஒருமுறை பிரேக் பிடிக்கவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார். ஜாக் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். பந்தயத்துக்கென்று செய்த காரில் பின்சில்லு இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். இதில் குறுக்கே ஒரே அச்சு. சாதாரணக் குடும்பக் காருக்கு யாரோ மட்காட்டை மாற்றி, பெயர்த் தகட்டையும் ஒட்டி இந்த மனிசனின் தலையில் கட்டிவிட்டிருக்கிறான். நான் மூச்சு விடவில்லை. அக்காவின் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு நாளைக்கு உதவும் என்றுதான் வைத்திருந்தேன்.

போன வருடம் அவருடைய மகள் ஹன்னா கலியாணப் பேச்சை எடுத்தாள். பெடியன் ரிசாந். இங்கேயே பிறந்து, துரொண்ட்ஹெய்மில் படித்த இஞ்சினியர், தங்கமான பிள்ளை. அத்தான் உடனே தொலைபேசியைத் தூக்கினார். கனடாவில் ஸ்காபரோவுக்கு ஒன்று, பாரிசுக்கு ஒன்று. இரண்டு நாளில் பெடியனின் சாதியைத் துருவி எடுத்துவிட்டார்.

"அவை எங்கடை ஆக்கள் இல்லை. நீ விரும்பினதைச் செய். நான் கோயிலுக்கு வரமாட்டன்."

ஹன்னா என் வீட்டுக் குசினியில் இருந்து அழுதாள். "மாமா, எனக்கு விருந்து வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அப்பா என்ரை கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனால் காணும்."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

மே மாதம் ஒரு ஞாயிறு, கடற்கரைப் புல்வெளியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினார்கள். அத்தானும் தன் சம்பியனைக் கொண்டுபோயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எங்கள் கோயில் றெஜினோல்ட், இரண்டு மூன்று நோர்வேக் கிழவர்கள். சாரதி இருக்கையில் யாரென்று பார்த்தால், ரிசாந்! காரைக் கிளப்பும் திறப்புக் கையில். அத்தான் யன்னலில் சாய்ந்துகொண்டு சொல்கிறார்:

"வம்சம் எண்டால் இதுதான் தம்பி. நல்லாப் பாரும்."

பெடியனை இருத்திவைத்துக் குத்திக் காட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"வம்சமும் மண்ணாங்கட்டியும்!" என்று கத்தினேன். "அத்தான், குனிஞ்சு பாருங்கோ. பின்னாலை ஒரே அச்சு. மட்காட் பிறகு ஆரோ பூட்டினது. இது சம்பியனும் இல்லை, சம்பியன்ரை சொந்தமும் இல்லை. பேர் மட்டும்தான். இதை வைச்சுக்கொண்டு மற்றவன்ரை பிள்ளைக்குச் சாதி பாக்கிறீங்களோ? வெக்கமா இல்லை?"

அதோடு விட்டேனா? கிழவர்களுக்கும் விளங்கட்டும் என்று நோர்வேமொழியிலும் சொன்னேன். ஒருவர் முழங்காலில் நின்று காரின் அடியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். றெஜினோல்ட் சிரித்துவிட்டான். அத்தான் ரிசாந்திடம் கையை நீட்டினார். அவன் இறங்கித் திறப்பைக் கொடுத்தான். கார் போய்விட்டது.

அப்போதுதான் ஹன்னா இரண்டு கையிலும் வாஃபிள் தட்டுகளோடு வந்தாள்.

"அப்பா எங்கை?"

"ஓடிட்டார். இண்டைக்கு நல்லாக் குடுத்தனான்!" என்றேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் தட்டுகளைப் புல்லில் வைத்தாள். "மாமா, அப்பா நேற்று ஓம் எண்டவர்."

"என்னத்துக்கு ஓம்?"

"கோயிலுக்கு வர. ரிசாந்தை இண்டைக்கு அவர்தான் கூப்பிட்டவர். கலியாணம் முடிய நாங்கள் ரெண்டு பேரும் இந்தக் காரிலைதான் போகவேணுமாம். அதுதான் ரிசாந்துக்கு ஓட்டக் காட்டிக்கொண்டு நிண்டவர்."

முப்பது வருடத்தில் அந்த இருக்கையில் அவர் வேறு யாரையும் இருத்தியதில்லை. இது தெரிந்த நான், கண்ணால் கண்டும் யோசிக்கவில்லை.

அடுத்த நாளே அவருடைய வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "அவர் வரமாட்டாராம். பொய் வம்சத்துக்காரன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஹன்னா ஏன் போகவேணும் எண்டு கேக்கிறார்." பிறகு தன் பங்குக்கும் சொன்னாள்: "பிரேக் பாத்த நாளிலை இருந்து நீயும் இருபது வருசம் அவரைத் துருவித்தானேடா வைச்சிருந்தனீ." கதவு சாத்தப்பட்டது.

ஜூன் மாதம் கலியாணம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் மற்றவர்கள் வர முதலே வெள்ளெனப் போய் நின்றேன். தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன் நிற்கலாம்தானே. ஹன்னா வந்தாள். நான் கையை நீட்டினேன்.

"நீங்கள் உள்ளை போய் இருங்கோ, மாமா," என்றாள்.

தனியாகத்தான் நடந்து போனாள்.