தாளில் இல்லாத முகம்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நூற்றுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் ஒரு தாளைக் கொடுத்திருந்தாள். அதில் ஆறு முகங்கள்: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு. மனதில் இருப்பதை இவள் இடது கை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். நான் நோட்டில் ஆறு கட்டம் போட்டு, காலையும் மாலையும் குறித்துவந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் தொடுவதை நிறுத்தினாள். பதினோரு நாள், இருபத்திரண்டு வேளை, கட்டங்கள் காலி. பயிற்சிக்கு வலது கையை எடுத்தால் இடது கையால் தட்டிவிட்டாள். ஜன்னல் வழியே வானத்தையே பார்த்தபடி இருந்தாள். தாளை அவள் கன்னத்தருகே பிடித்து ஒப்பிட்டேன். புருவம் கோபத்தோடு சேர்ந்தது, கண் பயத்தோடு சேர்ந்தது, வாய் எதிலும் சேரவில்லை. பயம்தான் என்று முடிவு செய்தேன். எதற்குப் பயம்? சாவுக்கா? அல்லது இனிப் பிழைக்க வேண்டாம் என்றே இருந்துவிட்டாளா? நாடியைப் பிடித்து எண்ணினேன். எண்பத்துநாலு. மறுபடி எண்ணினேன். எண்பத்தாறு.

மகள் கோயம்புத்தூரில் உளவியல் பாடம் நடத்துகிறாள். போனில் கேட்டேன்.

“இந்த ஆறும் எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு, முகத்தப் பாத்தே சொல்லிரலாம்னு ஒரு கட்சிப்பா. அப்படி அச்சுல வார்த்த மாதிரி எதுவும் கெடையாது, உடம்பு, இடம், பழக்கம் எல்லாம் சேந்துதான் உணர்ச்சி உண்டாகுதுன்னு இன்னொரு கட்சி.”

“எது சரி?”

“இன்னும் சண்டைதாம்ப்பா.”

“சண்டை தீர்ற வரைக்கும் உங்கம்மாவ நான் என்ன செய்ய?”

மறுநாள் காலை மனைவியின் தங்கை பசுவந்தனையிலிருந்து வந்தாள்.

“என்ன அத்தான், அக்காவுக்குப் பரீட்சை வச்சிருக்கீங்களாக்கும்?”

முகத்தைக் காட்டி, பயப்படுகிறாள் என்றேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“நல்லாப் பாத்தீங்க போங்க! இது விதைச்சுட்டு மழைக்கு நிக்கிற மூஞ்சி. ஊருல இப்ப எல்லாருக்கும் இதே மூஞ்சிதான். புழுதியில உளுந்து போட்டதை வீடியோ கால்ல அக்காட்ட காமிச்சேம்லா?”

எங்கள் கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். மழை பிந்தினால், எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம். நோட்டைப் புரட்டினேன். அந்த போன் வந்த மறுநாளிலிருந்துதான் கட்டங்கள் காலி. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். விதைப்புக்கு இவள் பசுவந்தனைக்குத் தாய்வீடு போய்விடுவாள், நான் மணியாச்சி ஸ்டேஷனில் வேலையில் இருப்பேன். இந்த முகத்தை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கொழுந்தியாள் தன் கவலையை அக்கா முகத்தில் பார்க்கிறாளோ? தாளை மறுபடி நீட்டினேன்.

விரல் நகர்ந்தது. பயத்தின் மேல் நின்றது.

“பாத்தியா!” என்றேன். மறுபடி நாடியைப் பிடிக்கப் போனேன்.

விரல் அதோடு நிற்கவில்லை. தாளை விட்டு எழும்பி, என் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டது.

“அத்தானயில்லா சொல்லுதா!” தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால், பயிற்சிக்காக நான் வலது கையை எடுத்தபோது தட்டிவிடவில்லை.

நோட்டில் பயத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் யாருக்காகக் குறி போடுவது என்று தெரியவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தி அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன். மூன்று மேகம். மூன்றும் வெள்ளை.