பசிபிக் கடலில் பிறந்த மாப்பிள்ளை

நேற்று மாலை என் மகள் ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கு ஜியாகிரஃபி டெஸ்ட். பழத்தைச் சுற்றிப் படுக்கையாக ஓடும் வட்டங்கள் அட்சரேகை. காம்பிலிருந்து அடிவரை, சுளைகளின் பிரிவு போல இறங்குபவை தீர்க்கரேகை.

“அப்பா, சிங்கப்பூர் ஒன் டிகிரி நார்த், ஓகே. ஹண்ட்ரட் அண்ட் த்ரீ, ஈஸ்ட்டா வெஸ்ட்டா? எப்பவும் கன்ஃபியூஸ் ஆகுதுலா.”

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். “அவர்ட்டயா கேக்குற? அவரு பொறந்ததே பசிபிக் கடல்ல.”

உங்களிடம் சொல்வதற்கென்ன, இத்தனை வருடம் கழித்தும் என் காது சூடாகிவிட்டது.

மகள் பழத்தை உரித்தாள். அந்த வாசனை போதும், சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஜோசியர் அறைக்கு என்னை இழுத்துப்போக. அன்று மேசையில் பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு. ஜாதகம் பொருந்தினால் அங்கேயே தட்டை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு முன் எனக்கு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. அம்மா அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஜோசியர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாம் இருந்தன, சிங்கப்பூர் இல்லை. பிறந்த இடத்தின் ரேகைகளைக் கையால் தட்ட வேண்டும். அவருக்கோ டைப்பிங் வராது.

“என் மவன் அடிப்பான்யா. ஜியாகிரஃபில கெட்டி,” என்றார் அம்மா. நான் பள்ளியில் உருப்படியாகப் பாஸ் செய்தது அந்த ஒரு பாடம்தான். அதை அம்மா சந்தைக்குப் போனாலும் சொல்வார்.

ஒன்று, வடக்கு. நூற்று மூன்று. அடுத்து கிழக்கா மேற்கா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வரைபடத்தில் வலது கைப் பக்கம் கிழக்கு, சிங்கப்பூர் இருப்பது அந்தப் பக்கம் என்று டீச்சர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் எதிரே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து ஒரு முறை பார்த்தேன், அவ்வளவுதான். அவளுடைய வலது பக்கத்தை என் வலது என்று எடுத்துக்கொண்டு W தட்டிவிட்டேன்.

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே தாளைத் தள்ளியது. ஜோசியர் படித்தார். நெற்றி சுருங்கியது. “ஏழுல செவ்வாய். தோஷம் இருக்கே.”

பெண்ணின் அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மாவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்தது.

“அந்தப் பேப்பரக் கொஞ்சம் குடுங்கய்யா,” என்றாள் பெண். மேல் வரியைப் பார்த்தாள். “இதுல வெஸ்ட்டுன்னு போட்டிருக்கு. அங்க ஊரே இல்லலா, பசிபிக் கடல்தான்.”

அறையே சிரித்தது. “மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?” என்றார் அவள் அப்பா. ஜோசியருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டாம் முறை அவளே தட்டினாள். லக்னம் மாறியது, தோஷம் போனது, தட்டும் மாறியது. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அம்மா பேசிக்கொண்டே வருவார் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதுதான் வாய் திறந்தார். “அத்தன பேரு முன்னால கெட்டின்னு சொல்லிப்புட்டேனேடா.”

திட்டியிருந்தால் தேவலை.

ஜோசியர் இருந்த மாடியில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் கைப்பேசியே நீலப் புள்ளி வைத்துக் காட்டிவிடுகிறது; கிழக்கா மேற்கா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

“ஈஸ்ட்,” என்றேன் மகளிடம்.

“ஷுவரா?”

அம்மா அந்த நாளுக்குப் பிறகும் பல வருடம் இருந்தார். சந்தைக்குப் போனார், நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பேசினார். ஜியாகிரஃபி என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவே இல்லை.