பிட்மனில் ழ இல்லை

பம்பாய் டிராமில் உட்கார்ந்திருக்கும்போதுகூட பாகீரதியின் வலது ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. கண்டக்டர் "ஆகே சலோ, ஆகே சலோ" என்று கூட்டத்தை முன்னே நகரச் சொல்லிக் கத்தினால், அந்தக் கத்தலை முழங்காலின் மேல் ஒரு கோடும் ஒரு வளைவுமாக எழுதிவிட்டுத்தான் மறுவேலை. பக்கத்தில் இருக்கும் பார்ஸி அம்மாள், பெண்ணுக்கு நரம்பில் ஏதோ கோளாறு என்று பயந்து நகர்ந்து உட்காருவாள். கோளாறு ஒன்றுமில்லை. பிட்மன் என்கிற இங்கிலீஷ் சுருக்கெழுத்துப் படித்த பெண், அவ்வளவுதான்.

மாதுங்கா டைப் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "பாஸ் வாயிலேந்து எது வந்தாலும் எழுது. நல்லதா கெட்டதான்னு யோசிக்காதே. மூளையைக் குடையோட வாசல்லயே வெச்சுட்டு வா. படின்னா, காகிதத்துல என்ன இருக்கோ அதைப் படி." சிரித்துக்கொண்டே சொன்னாரோ என்னவோ! இந்தப் பெண் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

யுத்தம் வந்தாலும் வந்தது, கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களில் பெண்களையும் வேலைக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் இன்டர்வியூ என்று ஒன்று நடத்துகிறார்களே, அந்தக் கூத்தைக் கேளுங்கள். ஆண்பிள்ளை போனால் ஸ்பீடு என்ன, பாஸ் பண்ணின வருஷம் என்ன என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். பெண் போனால் அந்தப் பெரிய மனிதர்களுக்கு எங்கிருந்துதான் சந்தேகங்கள் முளைக்குமோ! ஒருவர், "திட்டினால் அழுவாயா? போன பெண் ஃபைலெல்லாம் நனைத்துவிட்டாள்" என்றார். ஒரு குஜராத்தி சேட், வீட்டில் வெங்காயம் உண்டா என்று விசாரித்தார். மழையில் நனைந்த புடவையோடு வந்தால் ஆபீஸ் நாற்காலியின் கதி என்ன என்று மெய்யாகவே கவலைப்பட்டவரும் உண்டு.

முதல் விபத்து ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நடந்தது. மானேஜர் இங்கிலீஷில் ஒரு கடிதத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் அவள் முகத்தை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு, மறுபடி கடிதத்துக்குப் போனார். பயத்தில் பாகீரதிக்கு எது கடிதம், எது கேள்வி என்று புரியவில்லை. எல்லாவற்றையும் எழுதினாள். படி என்றதும் படித்தாள். "தங்கள் பாலிசி சம்பந்தமாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், கமா, இந்த மூக்குத்தி வைரமா, கேள்விக்குறி, உன் அப்பா சந்தேகப் பிராணியா, கேள்விக்குறி." பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வேலை போயிற்று. ஆனால் அந்த மனிதரின் காது மடல் சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அசட்டுக் கேள்வி எதுவானாலும் முகம் சுளிப்பதில்லை, தலை குனிவதில்லை. பென்சில் ஓடும். பிறகு கமா, கேள்விக்குறியோடு உணர்ச்சியே இல்லாமல் திருப்பிப் படிப்பாள். "டைப் பண்ணணுமா ஸார்? எத்தனை காப்பி?" என்று வேறு கேட்பாள். சிலர் அசடு வழிந்தார்கள். பலர் கதவைக் காட்டினார்கள். வேலைதான் கிடைத்தபாடில்லை.

அதற்குள் வீட்டில் மூட்டை கட்டும் பேச்சு வந்துவிட்டது. அப்பா ஜகந்நாதன் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ரிடையராகிவிட்டார். பென்ஷனை வைத்துக்கொண்டு பம்பாயில் வாடகை கட்டி இருக்க முடியாது. "ஆவணி பொறந்தா பாலக்காட்டுக்குப் போயிடறதுதான்" என்று சொல்லிவிட்டார். போனால் ஒத்தப்பாலத்தில் ஒரு ஜாதகம் தயாராக இருந்தது, ரெண்டாம் தாரமாக. அம்மா வாலாம்பாளுக்குத் தாங்கவில்லை. "கேட்டா ஆமா, இல்லைன்னு சொல்லிட்டு வாயேண்டி. திருப்பிப் படிச்சுக் காட்டறதாக்கும் பெரிய சமர்த்து!" பாகீரதிக்கு அழுகை முட்டும். இந்த ஊரை விட்டுப் போகவே கூடாது என்று அவளுக்கு அப்படி ஒரு வெறி.

ஆடிக் கடைசியில் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனி கூப்பிட்டது. முதலாளி பார்ஸி. ஆள் எடுப்பவர் ஹெட் கிளார்க் சந்திரமௌலி, கும்பகோணத்துக்காரர். இருபது வருஷத்தில் ஒருத்தரையும் ஒரு வார்த்தை பாராட்டியறியாத நாக்கு. அதே நாக்கு, மாதுங்கா மார்க்கெட்டில் யாராவது வாளைப்பளம் என்று சொல்லிவிட்டால், அவனை நிறுத்தி வைத்துத் திருத்திவிட்டுத்தான் காய் வாங்கும்.

தொழில் கேள்விகளை இங்கிலீஷில் கேட்டார். எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் வந்தது. பிறகு, சுற்றியிருக்கும் கோவாக்காரர்களுக்கும் குஜராத்திகளுக்கும் புரியக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு இறங்கினார்.

"ஏம்மா, கல்யாணம் கில்யாணம் உண்டா? வந்த ஒடனே கொழந்தை பொறந்துதுன்னு கெளம்பிட்டா ஆபீஸ் என்ன ஆறது? அழகா வேற இருக்கே. இங்கே வாலிபப் பசங்க வேலை பார்ப்பானா, உன்னைப் பார்ப்பானா?"

இந்த ஒரு தடவை பேசாமல் இருந்துவிடலாமா என்று பாகீரதி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பென்சில் எழுதி முடித்துவிட்டது. சரி, ஒத்தப்பாலமே ஆனாலும் ஆகட்டும் என்று உரக்கப் படித்தாள்.

"ஏம்மா, கமா, கல்யாணம் கில்யாணம் உண்டா, கேள்விக்குறி. வந்த ஒடனே கொலந்தை பொறந்துதுன்னு..."

சந்திரமௌலிக்கு வந்திருக்க வேண்டியது வெட்கம். வந்தது கோபம். "என்னது, கொலந்தையா? கொழந்தைம்மா!"

"பிட்மன்ல ழ இல்லை, ஸார். ல-தான் இருக்கு. இருக்கறதைத்தான் படிக்கணுமாக்கும்." பாலக்காட்டுப் பெண்ணுக்கு ழ வராதா என்ன! ஆனால் மாஸ்டர் பாடம் மாஸ்டர் பாடம்தான். மேலே படித்தாள். "அலகா வேற இருக்கே, ஃபுல்ஸ்டாப்."

"அழகா!" சந்திரமௌலி எழுந்தே நின்றுவிட்டார். "நாக்கை மடிச்சுச் சொல்லு. அழகா! அழகா!"

அத்தனை டைப்ரைட்டரும் நின்றன. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பார்ஸி முதலாளி வெளியே வந்தார். "என்ன கூச்சல் இது, சந்திரமௌலி? அழகா என்றால் என்ன?"

தமிழ்ப் பற்று அப்படியே இறங்கிப்போய், சந்திரமௌலியின் நெற்றியில் வியர்வை கோர்த்தது. அவர் மேஜைமேல் இல்லாத ஒரு ஃபைலைத் தேட ஆரம்பித்தார். முதலாளி பாகீரதியைப் பார்த்தார். அவளுக்கோ பொய் சொல்ல வரவில்லை.

"அழகு என்றால் பியூட்டிஃபுல் ஸார். இவர் சொன்னதை நான் சுருக்கெழுத்தில் எழுதிப் படித்துக் காட்டினேன். அப்போது சொன்னார்."

முதலாளியின் கண் அகன்றது. "சந்திரமௌலியா? ஒரு டிக்டேஷனைக் கேட்டு எழுந்து நின்று பியூட்டிஃபுல் என்று கத்தினாரா?" ஹெட் கிளார்க்கின் தோளில் ஓங்கித் தட்டினார். "அப்புறம் என்ன யோசனை? நாளைக்கே வரச் சொல்லும்!"

சந்திரமௌலி இல்லை என்று சொல்ல முடியுமா? எதை இல்லை என்பது? கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து மணிக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாலாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்து, பாலக்காட்டுக்குப் போக வேண்டிய பாத்திரங்களைக் கோணியில் போட்டு அதன் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இவனும் கோவிச்சுண்டானா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

பாகீரதி அம்மா கையிலிருந்து கோணி ஊசியை வாங்கித் தரையில் வைத்தாள். தைத்திருந்த சணலை ஒவ்வொரு தையலாக உருவினாள். கையை உள்ளே விட்டுத் துழாவி, காபி ஃபில்டரை வெளியே எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தாள்.